காத்திருந்த செல்வம்
பெஞ்சமின் பிராங்க்ளின் வாழ்க்கையில் ஒரு பக்கம்

தேவிகுளத்து மலைகளில் மார்கழியிலும் தையிலும் உறைபனி விழும். விடியற்காலையில் புல்வெளியெல்லாம் உப்பைத் தூவினாற்போல் வெளுத்துக் கிடக்கும். பார்க்க அழகுதான். ஆனால் வெயில் ஏறியதும் தேயிலைக் கொழுந்துகள் தீயில் வாட்டியவைபோல் கருகிவிடும். இலைக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாக மாறும்போது அதன் நுண்ணறைகள் சிதைந்துபோகின்றன. பனி உருகலாம், சிதைந்தது மீண்டும் கூடுவதில்லை. ஆயினும் செடி சாவதில்லை. கவாத்து வெட்டிவிட்டால் அடித்தண்டிலிருந்து புதுத்தளிர் கிளம்பிவிடும். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, உறைதலும் உயிர்த்தலும் இப்படித்தான் முதலில் அறிமுகமாயின.

சென்ற பருவத்தில் நம் விடுதியில் ஒரு சொற்போர் மூண்டது. இறந்தவர் உடலைக் கடுங்குளிரில் உறையவைத்துப் பாதுகாத்து, மருத்துவம் வளர்ந்த பிற்காலத்தில் உயிர்ப்பிக்க இயலுமா என்பதே பொருள். அறிவியல் மாணவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து முழங்கினார்கள். இரவு நெடுநேரம் சென்றபின், அதுவரை வாய் திறவாதிருந்த பொருளியல் மாணவர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். நூறு ஆண்டோ இருநூறு ஆண்டோ அந்த உடலைக் காக்கும் செலவை யார் கொடுப்பது? இறந்தவரே கொடுத்துவிட்டுப் போனார் என்றால், அந்தப் பணத்தை அத்தனை காலம் யார் காப்பது? அவையடங்கிப் போயிற்று. எனக்கும் விடை தெரியவில்லை.

அந்தக் கேள்வியோடு நூலகத்தில் அலைந்தபோது, நமக்கெல்லாம் பள்ளிப்பருவத்திலேயே பழக்கமான ஒரு பெரியவர் எதிர்ப்பட்டார். இடிமழையில் பட்டம் விட்டு மின்னலின் தன்மையை ஆராய்ந்தவர் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அந்தப் பெஞ்சமின் பிராங்க்ளின்தான் அவர். நூறாண்டு உறங்கி எழ ஆசைப்பட்டவர் அவர். தம் பணத்தை இருநூறு ஆண்டு காத்திருக்கவைத்தவரும் அவரே. அவர் வாழ்வைப் பலர் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பணத்தின் பக்கமாக நின்று நான் கண்டதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கடன்பட்ட இளைஞர்

1706 ஜனவரி 17ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிராங்க்ளின் பிறந்தார். தந்தை மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்பவர். அவருக்குப் பிறந்த மக்கள் 17 பேர். அவர்களுள் இவர் 15ஆவது. இரண்டு ஆண்டுப் படிப்போடு பள்ளி முடிந்தது. 12ஆம் வயதில் தமையனாரின் அச்சுக்கூடத்தில் தொழில் பழக ஒப்பந்தமானார். அண்ணன் கை ஓங்கிய கை. அடி பொறுக்கமாட்டாமல் 17ஆம் வயதில் ஊரைவிட்டே ஓடினார். 1723இல் பிலடெல்பியாவில் போய் இறங்கியபோது அவரிடம் இருந்தது ஒரு டாலரும் கொஞ்சம் செப்புக்காசும்தான். மூன்று ரொட்டிகளை வாங்கி, இரண்டைக் கக்கத்தில் இடுக்கி, ஒன்றைத் தின்றுகொண்டே தெருவில் நடந்தார்.

அடுத்து வந்தது ஒரு பெரிய ஏமாற்றம். மாகாண ஆளுநர் அவருடைய திறமையை மெச்சி, அச்சுக்கூடம் வைத்துத் தருவதாகவும், இலண்டனில் அச்சு இயந்திரம் வாங்கக் கடன்பத்திரம் எழுதித் தருவதாகவும் சொன்னார். இளைஞர் நம்பிக் கப்பலேறினார். இலண்டன் போய்ச் சேர்ந்து தபால் மூட்டையைப் பார்த்தால், அதில் ஆளுநரின் பத்திரம் ஒன்றுமே இல்லை! வாக்கு வாக்காகவே நின்றுவிட்டது. அந்நிய நகரில் கூலிக்கு எழுத்துக் கோத்துப் பிழைத்து, 1726இல்தான் அவரால் ஊர் திரும்ப முடிந்தது. வருங்காலத்துக்கென்று ஒருவர் தரும் வாக்குறுதி எப்படிப் பொய்த்துப் போகும் என்பதை 18 வயதிலேயே பட்டறிந்தவர் பிராங்க்ளின்.

1728இல் நண்பர் ஒருவருடன் கூட்டாக அச்சுக்கூடம் தொடங்கினார். முதல் தருவதாக ஏற்றவர் அந்தக் கூட்டாளியின் தந்தை. அவர் பாதியைக் கொடுத்தார். மீதியைக் கொடுக்க அவரால் முடியவில்லை. கடன்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அச்சுக்கூடம் ஏலம் போகும் நிலை. அப்போது வில்லியம் கோல்மன், ராபர்ட் கிரேஸ் என்ற இரு நண்பர்கள், ஒருவர் அறியாமல் ஒருவர் தனித்தனியே வந்து, வேண்டிய பணத்தைத் தருவதாகச் சொன்னார்கள். பிராங்க்ளின் இருவரிடமும் பாதி பாதியாக வாங்கிக்கொண்டார். தொழில் நிலைத்தது, கடனும் தீர்ந்தது. நன்றி மட்டும் தீரவில்லை. அறுபது ஆண்டு கழித்து, கிழவராகப் படுக்கையில் கிடந்தபோது அவர் எழுதிய உயிலுக்கு வித்து இந்த இரு நண்பர்கள் தந்த கடன்தான்.

பல கைகள்

அச்சுத் தொழிலில் பொருள் குவிந்தது. 1732 முதல் ஆண்டுதோறும் அவர் வெளியிட்ட பஞ்சாங்கம் ஏழை வீடுகளிலெல்லாம் புழங்கியது. 42 வயதிலேயே, 1748இல், தொழிலிலிருந்து விலகி ஆராய்ச்சியிலும் பொதுப்பணியிலும் இறங்கினார். 1752இல் பட்டம் விட்ட சோதனை உலகப்புகழ் தந்தது. அதைவிட என்னைக் கவர்ந்தது அவர் பொதுப்பணம் திரட்டிய முறை. 1731இல் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நூலகம் அமைத்தார். 1736இல் தீயணைக்கும் தொண்டர் படை கூட்டினார். 1751இல் மருத்துவமனைக்குப் பணம் வேண்டியிருந்தபோது, மக்கள் 2,000 பவுன் திரட்டினால் மாகாண மன்றமும் 2,000 பவுன் தரவேண்டும் என்று சட்டம் செய்யவைத்தார். மக்கள் திரட்டமாட்டார்கள் என்று எண்ணிச் சிலர் ஆதரித்தார்களாம், மக்களோ திரட்டிவிட்டார்கள்! பணம் நிலைக்கவேண்டுமானால் அதை ஒருவர் பெட்டியில் பூட்டக்கூடாது, பலர் கையில் பொறுப்பாக வைக்கவேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் பாடம்.

குறையே இல்லாதவர் என்று சொல்லமாட்டேன். அடிமைகளைத் தம் வீட்டில் வைத்திருந்தவர் அவர். அடிமை விற்பனை விளம்பரங்களைத் தம் இதழில் அச்சிட்டவர். முதுமையில்தான் மனம் மாறினார். அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, 1790இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் விடுத்தார். காலம் கடந்தாவது திருந்திய மனம் அது.

மூன்று ஈக்கள்

1773. பிராங்க்ளின் அப்போது இலண்டனில் இருந்தார். பிரெஞ்சு நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு விந்தையைக் குறிப்பிட்டார். வர்ஜீனியாவில் புட்டியில் அடைக்கப்பட்ட மதீரா ஒயினை இலண்டனில் ஒரு நண்பர் வீட்டில் திறந்து ஊற்றியபோது, மூழ்கிச் செத்த மூன்று ஈக்கள் கிண்ணத்தில் விழுந்தன. செத்த ஈ வெயிலில் உயிர்பெறும் என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். ஒயினை வடித்த சல்லடையிலேயே அவற்றை வெயிலில் வைத்தார். மூன்று மணி நேரத்துக்குள் இரண்டு ஈக்கள் காலை உதறி, கண்ணைத் துடைத்து, சிறகை விரித்துப் பறந்துபோயின. மூன்றாவது ஈ பொழுது சாயும்வரை அசையவில்லை, அதை எறிந்துவிட்டார்கள்.

இதைக் கண்ட பிராங்க்ளினுக்கு ஓர் ஆசை பிறந்தது. நீரில் மூழ்கியவரை என்றோ ஒரு நாள் எழுப்பக்கூடியவாறு பதப்படுத்தி வைக்கும் வழி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நூறு ஆண்டு கழித்து அமெரிக்கா எப்படி இருக்கும் என்று பார்க்க அவருக்கு அடங்காத ஆவல். சில நண்பர்களோடு ஒரு மதீராப் பீப்பாயில் அமிழ்ந்து கிடந்து, தாய்நாட்டு வெயில் பட்டு எழுந்தால் போதும் என்று எழுதினார். ஆனால் தாம் வாழும் காலம் அறிவியலின் குழந்தைப்பருவம், அந்தக் கலை தம் ஆயுளில் கைகூடாது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

வேடிக்கையாக எழுதியதுதான். ஆனாலும் வேடிக்கைக்குள் ஓர் ஏக்கம் இருக்கிறதன்றோ? உடல் காத்திருக்க வழியில்லை என்று தெரிந்தவர், பதினாறு ஆண்டு கழித்து வேறொன்றைக் காத்திருக்கவைத்தார்.

இருநூறு ஆண்டுக் கணக்கு

இடையில் எத்தனையோ நிகழ்ந்தன. 1776இல் விடுதலை அறிக்கையில் கையெழுத்திட்டார். பிரான்சுக்குத் தூது சென்று பணமும் படையும் பெற்றார். 1783இல் இங்கிலாந்தோடு உடன்படிக்கை செய்தார். 1785இலிருந்து மூன்று ஆண்டு பென்சில்வேனியாவின் தலைவராக இருந்தார். இவையெல்லாம் வரலாற்று நூல்களில் விரிவாக உள்ளன. நான் உயிலுக்கு வருகிறேன்.

1785இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஒருவர் ஒரு நையாண்டி நூல் வெளியிட்டார். பிராங்க்ளினின் பஞ்சாங்க நாயகரைக் கேலிசெய்து, சிறு தொகையை வட்டிக்குவிட்டு ஐந்நூறு ஆண்டு காத்திருந்தால் உலகையே செழிக்கவைக்கலாம் என்று உயில் எழுதும் ஒரு மனிதரை அதில் படைத்திருந்தார். பிராங்க்ளின் சினங்கொள்ளவில்லை. நல்ல யோசனை என்று எடுத்துக்கொண்டார்! 1789 ஜூன் 23ஆம் நாள் தம் உயிலில் ஓர் இணைப்பைச் சேர்த்தார். தலைவராக இருந்த காலத்தில் வாங்கிய சம்பளத்திலிருந்து, பிறந்த ஊரான பாஸ்டனுக்கு 1,000 பவுன். வாழ்ந்த ஊரான பிலடெல்பியாவுக்கு 1,000 பவுன்.

அந்தப் பணத்தை என்ன செய்வது? கோயில் கட்டவா, சிலை வைக்கவா? இல்லை. அவ்வூரில் தொழில் பழகி முடித்த, 25 வயதுக்கு உட்பட்ட, மணமான இளந்தொழிலாளிகளுக்குக் கடனாகத் தரவேண்டும். ஒருவருக்கு 15 பவுனுக்குக் குறையாமல், 60 பவுனுக்கு மிகாமல். நல்லொழுக்கத்துக்கு இருவர் பிணை நிற்கவேண்டும். வட்டி 5 விழுக்காடு. ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு முதலோடு வட்டியும் திருப்பவேண்டும். திரும்பி வந்ததை அடுத்த இளைஞருக்குத் தரவேண்டும். இப்படியே நூறு ஆண்டு சுழன்றால் 1,000 பவுன் 1,31,000 பவுன் ஆகும். அதில் 1,00,000 பவுனைப் பொதுப்பணிக்குச் செலவிட்டு, மீதி 31,000 பவுனை மேலும் நூறு ஆண்டு சுழற்றினால் 40,61,000 பவுன் ஆகும். அதை நகரமும் மாநிலமும் பங்கிட்டுக்கொள்ளலாம். பிராங்க்ளின் போட்ட கணக்கு இது. 1790 ஏப்ரல் 17ஆம் நாள், 84ஆம் வயதில் அவர் கண்மூடினார்.

கணக்கு பலித்ததா?

முழுதும் பலிக்கவில்லை. காகிதத்தில் வட்டி குட்டி போடுவதுபோல் ஊரில் போடுவதில்லை. ஆலைகள் பெருகின, குருவிடம் தொழில் பழகும் வழக்கம் தேய்ந்தது. பிராங்க்ளின் கனவுகண்ட இளந்தொழிலாளியே அரிதாகிவிட்டார். பிணை நிற்க ஆளில்லை. சிலர் கடனைத் திருப்பவில்லை. நூறாம் ஆண்டு நெருங்கியதும் வழித்தோன்றல்கள் சிலர், உயிலே செல்லாது, பணம் எங்களுக்கு வேண்டும் என்று வழக்குத் தொடுத்துத் தோற்றார்கள். பாஸ்டனில் சேர்ந்திருந்தது சுமார் 3,90,000 டாலர். பிலடெல்பியாவில் சுமார் 90,000 டாலர்தான்.

இருநூறாம் ஆண்டான 1990இல் பாஸ்டன் நிதி ஏறத்தாழ 50 லட்சம் டாலராகவும், பிலடெல்பியா நிதி சுமார் 20 லட்சம் டாலராகவும் நின்றன. பாஸ்டன் பொறுப்பாளர்கள் பெரும்பாலும் பாதுகாப்பான முதலீட்டில் இட்டுப் பெருக்கினார்கள். பிலடெல்பியாவில் பணம் பிற்காலத்தில் வீட்டுக்கடனாகச் சாதாரண மக்களிடம் சென்றது. எந்த ஊர் பெரியவரின் எண்ணத்தைக் காத்தது? தொகையை மட்டும் பார்த்தால் பாஸ்டன். எத்தனை வீட்டில் விளக்கேற்றியது என்று பார்த்தால் எனக்குப் பிலடெல்பியாவும் தோற்றதாகத் தெரியவில்லை. பாஸ்டனில் முதல் நூற்றாண்டுப் பணத்தைக்கொண்டு 1908இல் திறக்கப்பட்ட தொழிற்பள்ளி இன்றும் அவர் பெயரோடு நடக்கிறது.

நம் நாட்டிலும் இதே காலத்தில் ஒரு செல்வம் உறங்கி விழித்தது. பிராங்க்ளின் மறைந்து நான்கு ஆண்டு கழித்து, 1794 மார்ச்சில், பச்சையப்ப முதலியார் கும்பகோணத்தில் உயில் எழுதிவைத்துத் திருவையாற்றில் மறைந்தார். தம் பொருளைக் கோயிலுக்கும் அறத்துக்கும் விட்டார். காப்பார் சரியில்லாமல் பணம் வழக்கில் சிக்கி, நாற்பது ஆண்டுக்கு மேல் முடங்கிக் கிடந்தது. உச்சநீதிமன்றமும் அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டனும் தலையிட்டபின்தான் மீண்டது. 1842இல் சென்னையில் அவர் பெயரால் பள்ளி எழுந்தது. அதுவே பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரி ஆயிற்று. பிள்ளைகள் வந்து அமர்ந்த அன்றுதான் அந்தப் பணம் உயிர்பெற்றது.

பீப்பாயில் புகுந்தவர்கள்

பிராங்க்ளின் விளையாட்டாய் விரும்பியதை இருபதாம் நூற்றாண்டில் சிலர் மெய்யாகவே செய்தார்கள். ராபர்ட் எட்டிங்கர் என்ற அமெரிக்க ஆசிரியர் எழுதிய நூல் 1964இல் பரவலாக வெளிவந்து இந்த எண்ணத்தைப் பரப்பியது. 1967 ஜனவரி 12ஆம் நாள் கலிபோர்னியாவில் புற்றுநோயால் இறந்த ஜேம்ஸ் பெட்போர்டு என்ற உளவியல் பேராசிரியரின் உடல் முதன்முதலாக உறையவைக்கப்பட்டது. அவர் ஆராய்ச்சிக்கென 1,00,000 டாலர் ஒதுக்கியிருந்தார். உறவினர் வழக்குத் தொடுத்தனர். அவர் விருப்பத்தைக் காக்க மனைவியும் மகனும் நீதிமன்றம் ஏறியதில் அத்தொகைக்கு மேலும் செலவாயிற்று. உடல் ஊர் ஊராக, கிடங்கு கிடங்காக மாறியது. இன்றும் அது ஆரிசோனாவில் கழிவு 196 டிகிரித் திரவ நைட்ரஜனில் இருக்கிறது என்றால், அதற்குப் பணம் மட்டும் காரணமன்று. விடாப்பிடியான குடும்பமே முதற்காரணம்.

எல்லாருக்கும் அத்தகைய குடும்பம் வாய்க்கவில்லை. கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் இடுகாட்டு நிலவறையில் வைத்திருந்த ஒன்பது உடல்கள், உறவினர் செலுத்திவந்த பணம் நின்றதால் நைட்ரஜனின்றி உருகிக் கெட்டன. 1979இல் அது வெளிவந்தபோது உலகம் திடுக்கிட்டது. அதன்பின் மாதாமாதம் பணம் வாங்கும் முறையை விட்டு, முழுத்தொகையையும் முன்கூட்டியே பெறும் வழக்கம் வந்தது. ஒரு நிலையத்தில் 28,000 டாலர். இன்னொன்றில் 2,00,000 டாலருக்கும் மேல். பலர் ஆயுள் காப்பீட்டு வழியாகக் கட்டுகிறார்கள். அதில் ஒரு பகுதியை அறக்கட்டளையில் இட்டு, வரும் வட்டியில் குளிர்காக்கிறார்கள். எழும் நாளில் கைச்செலவுக்கு வேண்டுமென்று தமக்குத்தாமே நிதி வைத்துப் போவோரும் உண்டு.

இங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. இறந்தவருக்குச் சொத்துரிமை இல்லை. இறந்தவரின் கை காலமெல்லாம் சொத்தைப் பிடித்துவைப்பதை ஆங்கிலச் சட்டமும், அதைப் பின்பற்றிய நம் நாட்டு 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமும் விரும்புவதில்லை. பொது அறத்துக்கு மட்டும் விலக்குண்டு. அமெரிக்காவில் சில மாநிலங்கள் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருக்கின்றன. ஆனால் சட்டம் தளர்ந்தால் போதுமா? இன்றுவரை உறைந்தவர் எவரும் எழவில்லை. எழுப்பும் செலவு எவ்வளவு என்று சொல்லவல்லாரும் இல்லை. தொகை தெரியாத, நாள் தெரியாத ஒரு கடனுக்கு, இன்னும் பிறக்காத மனிதரைப் பிணையாக நிறுத்துவதே அது.

அந்தப் பிறக்காத மனிதர் ஏன் நமக்காக உழைக்கவேண்டும்? பிராங்க்ளினின் உயில் இதற்கு விடை சொல்வதாக எனக்குப் படுகிறது. அவருடைய பணம் தூங்கிக் கிடக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் உயிரோடிருந்த யாருக்கோ பயன்பட்டது. ஆகவே அதைக் காக்கும் ஆளும் ஒவ்வொரு தலைமுறையிலும் கிடைத்தார்.

ஆச்சியின் சீட்டு

இதை எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றுண்டு. என் ஆச்சி கொழுந்து பறித்தவர். எங்கள் மலையில் வேலை முடிந்தால் லயத்து வீடும் முடிந்தது; பிள்ளையோ மருமகளோ வேலையில் இருந்தால்தான் கூரை உண்டு. ஆகவே ஓய்வுபெறும்போது வரும் பணத்தை எல்லாரும் இறுகப் பிடித்துக்கொள்வார்கள். ஆச்சியோ 1998இல் வந்த பணத்தில் 5,000 ரூபாயை எடுத்து, லயத்துப் பெண்கள் 12 பேர் நடத்திய சீட்டில் போட்டார். படிக்கப்போகும் பிள்ளைக்குக் கடனாகத் தரவேண்டும். சம்பாதித்ததும் அந்தப் பிள்ளை திருப்பவேண்டும். தம் வீட்டில் ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போகும் நாளில் அதற்கும் ஒரு முறை கிடைக்கவேண்டும். அவ்வளவே நிபந்தனை. அப்போது நான் பிறக்கவே இல்லை.

ஆச்சி 2008இல் காலமானார். எழுத்தில் ஒன்றும் இல்லை. ஒரு பழைய கணக்கு நோட்டுத்தான். கடன் வாங்கிய குடும்பம் ஒன்று ஓர் ஆண்டு வேலையிழந்து மலையிறங்கிப் போயிற்று. பணம் போனது போனதுதான் என்று விட்டிருக்கலாம். அந்தப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நிரப்பினார்கள். 2023இல் நான் இங்கே சேர இடம் கிடைத்து, விடுதிக்குக் கட்டப் பணமின்றி வீடு கலங்கியபோது, அவர்களில் மூத்த அத்தை ஒருவர் அந்த நோட்டையும் 20,000 ரூபாயையும் கொண்டுவந்து அம்மாவிடம் வைத்தார்.

அந்தப் பணம் எனக்குச் சொந்தமன்று. நோட்டில் என் பெயருக்குக் கீழே ஒரு வரி வெறுமையாக இருக்கிறது. அடுத்து யார் பெயர் வரும் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை இப்போது லயத்து முற்றத்தில் விளையாடிக்கொண்டிருக்கலாம். நான் வேலைக்குப் போய்த் திருப்பினால்தான் அந்த வரி நிரம்பும். திருப்பாவிட்டால் ஆச்சி உண்மையாகவே இறந்துபோவார்.

விடுதியில் அன்று கேள்வி கேட்ட நண்பருக்கு நான் தரும் விடை இதுதான்.